கேள்வி – பதில்: மாயேபூர் கழியும் அந்தத் துறைமுக ஊரும்

மொரீஷியஸின் தென்கிழக்கில், மாயேபூருக்கு எதிரே, பவளப் பாருக்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் தண்ணீரை இங்கே லகோன் என்கிறோம். தமிழில் கழி. அதைப் படகில் கடப்பது பற்றியும் ஊரைச் சுற்றுவது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். படகுக் கேள்விகளே அதிகம். பதிலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரையில் நின்று பார்த்தால் ஏரி மாதிரி இருக்கிறது. வெளியே பார் இருக்கும்போது உள்ளே அலை எங்கிருந்து வருகிறது? ஆகஸ்டில் ஒரு மதியம் ஈல் த லா பாஸ் பக்கம் போனபோது நான்கு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம்.
– வாசகி, ரோஸ்ஹில்

பார் தடுப்பது வெளிக்கடல் அலையை மட்டும்தான். காற்று அதன் தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது. உங்களை நனைத்தது கழிக்குள்ளேயே பிறந்த அலை.

மே முதல் அக்டோபர் வரை தீவுக்குத் தெற்கே கடல்மேல் நிற்கும் உயரழுத்தம் வலுத்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் தென்கிழக்குக் காற்று நேராக இந்தக் கரையில்தான் மோதும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்னது அங்கே அடிக்கும் தென்மேற்குக் காற்றை. இங்கே அதே ஆடியில் திசை மாறி அடிக்கிறது, பழமொழிக்கு மட்டும் பழுதில்லை.

மாயேபூர்க் கரையிலிருந்து பாரின் வாசலில் இருக்கும் ஈல் த லா பாஸ் தீவு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடிவரும் காற்று 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தால், அரை மீட்டர் அளவுக்கு அலை எழுப்பப் போதும். அரை மீட்டர் என்றால் முழங்கால் உயரம், அதற்கா பயம் என்று தோன்றும். தொல்லை உயரத்தில் இல்லை, நெருக்கத்தில் இருக்கிறது. கழி அலை இரண்டு, இரண்டரை வினாடிக்கு ஒன்று வரும். ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஆறு முதல் பத்து மீட்டர். இங்கே ஓடும் பிரோக் படகின் நீளமும் ஆறேழு மீட்டர்தான். ஆகவே அணியம், அதாவது படகின் முன்முனை, ஒரு முகட்டிலிருந்து இறங்கி நிமிர்வதற்குள் அடுத்த அலையில் குத்துகிறது. வெளிக்கடலில் இரண்டு மீட்டர் அலை பத்து வினாடிக்கு ஒன்றாக வந்தால் படகு தொட்டில் போல ஏறி இறங்கும். இங்கே அம்மிக்கல் கொத்துகிற மாதிரி அடிக்கும்.

போகும்போது கிழக்கே, காற்றை எதிர்த்துப் போகிறீர்கள். தண்ணீர் முகத்தில் அடிப்பது அதனால்தான். திரும்பும்போது காற்று முதுகில் இருப்பதால் கடல் அடங்கிவிட்டது போலத் தெரியும். அடங்கவில்லை. பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கி, அணியத்தை முன் அலையில் புதைத்து, படகைப் பக்கவாட்டில் திருப்பிவிடப் பார்க்கும். சிறு படகுகள் கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான். ஓட்டுபவர் அலையை முந்தாமல், அலையின் முதுகிலேயே வேகத்தைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். படம் எடுக்கிறேன் என்று எல்லோரும் முன்னால் போய் உட்கார்ந்தால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் எந்த மாதம், எத்தனை மணிக்குப் போகலாம்?
– வாசகர், கியூர்பிப்

மாதத்தைவிட மணிக்குத்தான் மதிப்பு. இரவில் தரை குளிர்ந்திருக்கும்போது கரையோரக் காற்று தணிந்திருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்றும் தென்கிழக்குக் காற்றோடு கைகோக்கும். பகல் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே உச்சம். காலை ஏழரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் கரை சேருகிற பயணமும், சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குக் கிளம்புகிற பயணமும் ஒரே நாளில் இரண்டு வேறு கடல்கள்.

காலைக்கு இன்னொரு காரணம் வெளிச்சம். கழியில் ஓட்டுபவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். அடர்நீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல் மேடு, பழுப்புத் திட்டு என்றால் பவளம். சூரியன் முதுகிலோ உச்சியிலோ இருந்தால் நிறம் தெரியும். பிற்பகலில் மேற்கே திரும்பும்போது சூரியன் கண்ணெதிரே. தண்ணீர் முழுவதும் வெள்ளித் தகடு, எந்தத் திட்டும் தெரியாது. ஜூன், ஜூலையில் மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வானிலைக் கணிப்பில் நாட் கணக்கைப் பாருங்கள். 12 நாட் வரை குழந்தைகளோடு போகலாம். 15 என்றால் நனைவீர்கள், வேறொன்றுமில்லை. 20 என்றால் கரையை ஒட்டிய ஈல் ஓ ஸெக்ரெத் தீவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 25 நாட் என்றால் ஊரைச் சுற்றுகிற நாள். இது நம் கணக்கு, சட்டமல்ல. படகுக்காரர் இதைவிடக் குறைந்த காற்றிலேயே 'லாமேர் மோவே', கடல் கெட்டிருக்கிறது, என்று சொன்னால் பேரம் பேசாதீர்கள். இரண்டாவது படகுக்காரரைத் தேடிப் போகவும் வேண்டாம்.

எந்தத் தீவுக்கு எங்கே ஏறுவது? எது குழந்தைகளுக்கு ஏற்றது?
– ஆசிரியை, திரியோலே

ஈல் ஓ ஸெக்ரெத் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. புவான்த் ஜெரோமில் ஏறினால் சில நிமிடங்களில் போய்விடலாம். 26 ஹெக்டேர் பவளச் சுண்ணாம்புத் திட்டு. 1965 முதல் காப்பகம். மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள் என்பதால் முன்பதிவு தேவை. கருங்காலி மரம், இளஞ்சிவப்புப் புறா, அல்டாப்ரா ராட்சத ஆமை ஆகியவற்றைப் பார்த்து நடக்க ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். 1990 வாக்கில் காட்டில் பத்துப் பதினைந்துகூட இல்லாமல் அழிவின் விளிம்பில் நின்ற புறா அது. உங்கள் மாணவர்களுக்கு இதுதான். தரை முழுக்கக் கூரான சுண்ணாம்புக் கல், ரப்பர்ச் செருப்பு கிழிந்துவிடும், மூடிய காலணி வேண்டும். காலணியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் ஏறும் முன்பே தட்டிவிடச் சொல்லுங்கள். வெளி விதை ஒன்று முளைத்தால் பல வருட வேலை வீணாகிறது.

ஈல் த லா பாஸ் பாரின் வாசலிலேயே நிற்கும் கோட்டைத் தீவு. அதன் பக்கத்தில் ஈல் ஓ ஃபூக்கே. அங்கே 1864-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இடிந்து நிற்கிறது, அதனால் ஈல் ஓ ஃபார் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் மாயேபூர் அல்லது புளூ பே பக்கமிருந்து படகு பேச வேண்டும். வெளி அலை இருந்தால் கரையேற்ற மாட்டார்கள், சுற்றிக் காட்டித் திருப்பிவிடுவார்கள். இறக்குவீர்களா, சுற்றிக் காட்டுவீர்களா என்று பணம் பேசும்போதே கேட்டுவிடுங்கள். பிரச்சினை வருவதெல்லாம் இந்த இடத்தில்தான். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தப் பயணம் வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம்.

பாஸ் என்கிற அந்த வாசல் ஏன் இவ்வளவு ஆபத்து என்கிறார்கள்?
– வாசகர், பிளேன் மான்யேன்

பாரின்மேல் இரவும் பகலும் அலை உடைந்து கழிக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். பாரின்மேலேயே திரும்ப முடியாது, ஆகவே இடைவெளியைத் தேடி ஓடுகிறது. பாரில் உள்ள அந்த இடைவெளிதான் பாஸ். ஆற்று நீர் கலக்கும் இடத்துக்கு எதிரே பவளம் சரியாக வளராது. விரிகுடாக்களுக்கு நேரே பாஸ் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

மொரீஷியஸில் ஓதம் சிறியது. பௌர்ணமி, அமாவாசையில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அரை மீட்டர் சுமாருக்குத்தான். ஆகவே ஓதம் பார்த்து நீரோட்டத்தைக் கணிக்கிற பழக்கம் இங்கே முழுதாக உதவாது. வெளியே அலை பெரிதாக இருக்கிற நாளில் பாஸில் வெளியோட்டம் ஏறக்குறைய நாள் முழுவதும் இருக்கும், வற்றத்தில் இன்னும் வேகம். உள்ளிருந்து வெளியே ஓடும் நீரும் வெளியிலிருந்து உள்ளே வரும் அலையும் மோதுகிற இடத்தில் அலை குறுகி, செங்குத்தாக எழுந்து மடங்கும். கரையிலிருந்து பார்த்தால் வெள்ளைக்கோடு மட்டும் தெரியும். பக்கத்தில் போனால்தான் உயரம் புரியும், அப்போது திரும்ப இடமிருக்காது. சிறு படகில் பாஸைத் தாண்டி வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான்.

படகில் ஏறும் முன் பயணி என்னென்ன பார்க்க வேண்டும்? எல்லாவற்றையும் படகுக்காரரிடமே விட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை (ஜூலையில் வருகிறவர்)

விட்டுவிட வேண்டாம் ஐயா, ஐந்து நிமிட வேலை.

பயணிகளை ஏற்றும் உல்லாசப் படகுக்குச் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் வேண்டும், ஓட்டுபவருக்கும் ஸ்கிப்பர் உரிமம் வேண்டும். படகின் பக்கவாட்டில் பதிவு எண்ணும், எத்தனை பேர் ஏறலாம் என்பதும் எழுதியிருக்கும். எண்ணிப் பாருங்கள். குழந்தையையும் ஒரு தலையாக எண்ணுங்கள், மடியில் வைத்துக்கொள்கிற கணக்கு பஸ்ஸுக்கு மட்டும்தான்.

லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கிறதா என்பதல்ல கேள்வி, உங்கள் அளவில் இருக்கிறதா என்பதே. உள்ளே 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கு அச்சிட்டிருக்கும். 50 நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு. நீந்தாதவர்களுக்குக் குறைந்தது 100. போட்டு இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் அளவு சரியில்லை. குழந்தைகளின் ஜாக்கெட்டில் கால்களுக்கு நடுவே போகும் பட்டை அவசியம். அது இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவிவிடும்.

பிறகு கண்ணை ஓட்டுங்கள். நங்கூரமும் அதன் கயிறும் இருக்கிறதா, ஒரு துடுப்பாவது இருக்கிறதா, தண்ணீர் இறைக்க வாளி இருக்கிறதா. எரிபொருளைக் கேளுங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்பதே கணக்கு. எதிர்காற்றில் போகும்போது குடிக்கிற அளவு வேறு, அமைதியான நாளின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் பாதியில் நிற்கும். எஞ்சினிலிருந்து ஓட்டுபவர் மணிக்கட்டுக்கோ காலுக்கோ போகும் சிவப்புச் சுருள்கயிற்றைக் கவனியுங்கள். அவர் தடுமாறித் தண்ணீரில் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிடும். பல பேர் அதை எஞ்சினிலேயே சுற்றி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லலாம், கோபித்துக்கொள்பவரின் படகில் ஏற வேண்டாம்.

உட்காருகிற இடம்: பின்பாதியில், நடுவில். அணியத்தில்தான் குத்து அதிகம். முதுகுத்தண்டுக் காயங்கள் அங்கே உட்கார்ந்தவர்களுக்கே வருகின்றன. இடுப்புவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஜூலை மாதத்தில் கழி கடக்காமல் இருப்பதே நல்லது. போன், பாஸ்போர்ட், மருந்து மூன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் கட்டி, பையைப் பலகைக்குக் கீழே வையுங்கள்.

நடுக் கழியில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது? வாடகைக்கு எடுத்த சிறு படகில் நண்பர்களோடு மீன்பிடிக்கப் போகிறவன் நான்.
– வாசகர், ரோஸ் பெல்

முதல் வேலை எஞ்சினைப் பார்ப்பதல்ல, நங்கூரம் போடுவது. காற்று உங்களைக் கரைப்பக்கம்தான் தள்ளும் என்று நினைப்பீர்கள், கழியின் நடுவில் அது உண்மை. பாஸுக்குப் பக்கத்தில் வெளியோட்டம் காற்றை மீறி இழுக்கும். ஐந்து மீட்டர் ஆழத்துக்கு 25 மீட்டர் கயிறாவது விடுங்கள். நேராகத் தொங்கினால் நங்கூரம் பிடிக்காது, கயிறு சாய்ந்தால்தான் கொழு மணலில் இறங்கும். அணியத்தில் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் எஞ்சின் பலகைமேல் அலை ஏறிப் படகு நிறைந்துவிடும். பவளத்தின்மேல் போடாமல் வெளிர்நிற மணலாகப் பார்த்துப் போடுங்கள். பவளமும் தப்பும், உங்கள் நங்கூரமும் சிக்காது.

இனி எஞ்சின். திடீரென்று, ஒரே வெட்டாக நின்றதா? சிவப்புக் கயிறு கழன்றிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். இருமி இருமி நின்றதா? எரிபொருள் வரவில்லை. தொட்டி மூடியில் ஒரு காற்றுத் திருகு இருக்கும். கரையில் மூடி வைத்ததைத் திறக்க மறந்திருந்தால், ஐந்து பத்து நிமிடம் ஓடிவிட்டுத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் நின்றுவிடும். தொட்டியே சப்பிப் போயிருப்பது தெரியும். திருகைத் திறந்து, குழாயில் உள்ள ரப்பர்க் குமிழைக் கெட்டியாகும்வரை அழுத்திவிட்டு முடுக்குங்கள். குமிழ் கெட்டியாகவே மறுத்தால் குழாயின் இணைப்பில் காற்று புகுகிறது, கழற்றி மாட்டுங்கள். எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தாலும் இதே இருமல்தான்.

எஞ்சின் பின்னாலிருந்து சிறுநீர் போல ஒரு நீர்த்தாரை பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும், குளிர்விக்கும் தண்ணீர் அது. தாரை நின்றால் எஞ்சினை நீங்களே நிறுத்திவிடுங்கள். கழியில் கடற்புல் அதிகம், உறிஞ்சும் துளையை அது அடைத்திருக்கும். எஞ்சினைத் தூக்கிச் சாய்த்து விரலால் எடுத்துவிட்டால் போதும். தாரையைக் கவனிக்காமல் ஓட்டி எஞ்சினை எரித்தவர்களுக்கு ரிப்பேர்க்காரர் சொல்கிற தொகை படகு வாடகையை மறக்கடிக்கும்.

எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால் தண்ணீரைத் தள்ளும் விசிறி (புரொப்பெல்லர்) பவளத்தில் தட்டியிருக்கிறது. சிறு எஞ்சினில் விசிறிக்குள் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். பல்சக்கரம் உடைவதற்குப் பதில் அது உடைந்து காப்பாற்றுவதற்காகவே வைத்தது. மாற்று ஊசி, கொறடு, பிளவு ஊசி மூன்றும் ஒரு டப்பாவில் இருந்தால் பத்து நிமிட வேலை. பெரிய எஞ்சினில் ஊசி இல்லை, விசிறியின் நடுவில் உள்ள ரப்பர்ப் பிடி நழுவும். மெதுவாக ஓட்டினால் ஒருவேளை கரை சேரலாம். எதுவானாலும் விசிறியில் கை வைக்கும் முன் சிவப்புக் கயிற்றைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

படகை விட்டு நீந்திக் கரை போகலாம் என்ற யோசனை யாருக்கு வந்தாலும் தடுத்துவிடுங்கள். கவிழ்ந்த படகுகூடத் தேடுபவர் கண்ணுக்குத் தெரியும், தலை தெரியாது. கழிக்குள் போன் சிக்னல் கிடைக்கும். 112-ஐ அழையுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது. காரிலேயே குமட்டும். கூட்டிப்போகலாமா?
– வாசகி, கத்ர் போர்ன்

ஈல் ஓ ஸெக்ரெத்துக்குக் காலையில் தாராளமாகக் கூட்டிப்போங்கள். குமட்டல் தொடங்குவதற்குள் இறங்கிவிடுவார்கள். மாத்திரை கொடுப்பதானால் குமட்டல் வந்தபின் கொடுத்துப் பயனில்லை. டைமென்ஹைட்ரினேட் என்றால் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன், சின்னரிசின் என்றால் இரண்டு மணி நேரம் முன். இரண்டும் தூக்கம் வரவழைக்கும். கண்ணழுத்தம், புராஸ்டேட், பார்க்கின்சன் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு பிஸ்கட், கொஞ்சம் இஞ்சி. பின்பக்கம் உட்கார்ந்து சிங்க மலையையே பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், அசையாத ஒன்றைக் கண் பிடித்திருந்தால் காதுக்குள் நடக்கும் குழப்பம் குறையும். எஞ்சின் புகை அடிக்கிற பக்கத்தைத் தவிருங்கள்.

இடுப்பளவு தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கலாமா? சங்கு, பவளம் எடுத்துவரலாமா?
– வாசகர், வாக்குவா

இரண்டுக்கும் இல்லை. பவளம் எடுப்பது குற்றம். வெறுங்காலை லாஃப் என்கிற கல்மீன் காத்திருந்து குத்தும். கல்லா மீனா என்று மிதித்தபின்தான் தெரியும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை அமிழ்த்தி வையுங்கள். வலி குறைவது கண்கூடு. கட்டுப்போட்டு இறுக்காதீர்கள், கீறி இரத்தம் எடுக்காதீர்கள். ரோஸ் பெல்லில் உள்ள ஜவஹர்லால் நேரு மருத்துவமனைக்குப் போங்கள்.

ரியூனியனிலிருந்து வருகிறோம். விமானத்துக்கு முன் ஆறு மணி நேரம் இருக்கிறது. மாயேபூரில் என்ன பார்க்கலாம்?
– குடும்பத்தார், சேந்தாந்த்ரே

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊர் என்பதால் உங்கள் ஆறு மணி நேரத்துக்குச் சரியான இடம். போர்ட் லூயிஸ் போய் நெரிசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பஸ் நிலையம் கடற்கரையை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து நடையைத் தொடங்குங்கள். திங்கட்கிழமையானால் சந்தை. பக்கத்துத் தெருக்கள் வரை துணி, காய்கறி, பாத்திரம் என்று பரப்பி வைத்திருப்பார்கள். மற்ற நாட்களில் நிரந்தரச் சந்தை மட்டும். கடற்கரையோரம் நடந்து போனால் புவான்த் தே ரெகாத்தில் 1810-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் கழியில் மோதிய போரில் இறந்த இரு தரப்பு மாலுமிகளுக்கும் ஒரே நினைவுத்தூண். ஊர் முழுவதும் தெருக்கள் நேர்கோட்டில் வெட்டிக்கொள்ளும். 1800-களின் தொடக்கத்தில் ஆளுநர் டெக்கான் திட்டம் போட்டு அமைத்த ஊர், பெயர் அவருக்கு முந்தைய மாயே த லா பூர்தொன்னேயுடையது. பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் போர்ட் லூயிஸ் கட்ட வரவழைத்தது அந்த லா பூர்தொன்னே காலத்தில்தான்.

சந்தையிலிருந்து வடக்கே லா ஷோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வில் நுவார். அங்கே 1870 முதல் மரவள்ளிக் கிழங்கில் பிஸ்கட் செய்யும் ரோல் குடும்பத்துத் தொழிற்கூடம். கிழங்கை உரித்து, துருவி, பிழிந்து, சலித்து, சூடான தட்டில் அச்சில் போட்டு வேகவைக்கிறார்கள். அடுப்புக்கு உலர்ந்த கரும்புத் தோகை. கோதுமை கிடையாது. காலையில் போனால் வேலை நடப்பதையே பார்க்கலாம், ஞாயிறு போகாதீர்கள். ஒரு பொட்டலம் வாங்கி உடனே பையில் அடைத்துவிடாதீர்கள், சூட்டோடு தேநீரில் நனைத்துத் தின்றால்தான் அதன் ருசி.

பிறகு ஊரின் மறுகோடியில், விமான நிலையச் சாலையில் தேசிய வரலாற்று அருங்காட்சியகம். வெயிலில் நடக்க முடியாவிட்டால் அந்த வழிப் பஸ்ஸே போகும். 1744-இல் மூழ்கிய சேன் ஜெரான் கப்பலின் மணி அங்கே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். பெட்டிகளோடு வருவதால் ஒன்று சொல்ல வேண்டும்: ஊரில் பெட்டி வைக்க இடம் தேடி அலையாதீர்கள், டாக்சியைப் பேசி வைத்துக்கொள்வது மலிவு.

படகு ஏறும் ஆசை இருந்தால் அன்று வேண்டாம். நனைந்த உடையோடு விமானம் ஏறுவது ஒரு பக்கம், காற்று ஏறினால் திரும்பும் நேரம் யார் கையிலும் இல்லை.

அந்த 1810 போரில் ஆங்கிலேயர் தோற்றது எப்படி? பள்ளிப் புத்தகத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது.
– மாணவி, ஃபீனிக்ஸ்

அரைக் காரணம் பிரெஞ்சுப் பீரங்கி, அரைக் காரணம் மேலே சொன்ன அந்தப் பழுப்புத் திட்டுகள். ஆங்கிலேயர் ஆகஸ்ட் 13 அன்று ஈல் த லா பாஸைப் பிடித்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆனால் பிரெஞ்சுக் கப்பல்கள் உள்ளே புகுந்து கழியின் உள்கோடியில், கரைப் பீரங்கிகளின் நிழலில் நங்கூரமிட்டன. அவற்றைத் தாக்க ஆங்கிலேயரின் நான்கு போர்க்கப்பல்கள் உள்ளே வந்தன. சிரியஸும் மாஜிசியனும் வழி தெரியாமல் பவளத்தில் ஏறி அசையாமல் நின்றுவிட்டன. மீட்க முடியாமல் அவற்றின் மாலுமிகளே தீ வைத்தார்கள். நெரெய்ட் நொறுங்கிப் பிடிபட்டது. இஃபிஜீனியா கழியைவிட்டு வெளியேற முடியாமல் வாசலில் சரணடைந்தது. எதிர்காற்றில் பாய்மரக் கப்பல் இந்தக் கழியிலிருந்து வெளியேறுவது எவ்வளவு கடினம் என்பது புரிந்தால் அந்தச் சரணும் புரியும்.

இரு தரப்புத் தளபதிகளும், வில்லபியும் டுப்பெரேயும், காயம்பட்டு ஒரே வீட்டில் சிகிச்சை பெற்றார்கள். அந்த வீடுதான் இன்றைய அருங்காட்சியகம். பாரிசின் வெற்றி வளைவில் இந்தப் போர் நடந்த கிராண்ட் போர்ட்டின் பெயர் பொறித்திருக்கிறது. ஆங்கிலேயர் பாடம் படித்தார்கள்: அடுத்த முறை இந்தப் பக்கமே வராமல், நவம்பர் இறுதியில் வடக்கே கரையிறங்கி, டிசம்பர் தொடக்கத்தில் தீவையே பிடித்துவிட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஊரில் என்ன கிடைக்கும்?
– வாசகி, டர்பன்

பசியோடு திரும்ப மாட்டீர்கள் அம்மா. தோல்பூரி ஜோடியாகத் தருவார்கள். உள்ளே பட்டாணிப் பருப்புப் பொடி, மேலே மொச்சைக் குழம்பு, தக்காளி ருகாய், மிளகாய்ச் சட்னி. காத்தோ பிமான் நம் பருப்பு வடையின் உடன்பிறப்பு, சூடாகப் பொரித்தெடுக்கும்போது வாங்கி, வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவது இங்கத்துக் காலை உணவு. ஆனால் 'மின்' (mine) என்று இங்கே பெயர் சொல்லும் நூடுல்ஸிலும் புலேத் உருண்டைகளிலும் இறாலோ கோழியோ ஒளிந்திருக்கும். 'எனா லாவ்யான் லாதான்?' என்று கேளுங்கள், இதில் இறைச்சி இருக்கிறதா என்று பொருள். இறால் இறைச்சிக் கணக்கில் வராது என்று நினைக்கும் கடைக்காரர்கள் உண்டு, அதையும் தனியாகக் கேளுங்கள்.

அசைவம் சாப்பிடும் உங்கள் வீட்டாருக்கு ஒரு சொல்: ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை ஊரித், அதாவது கணவாய்வகை எண்கால் பிராணியைப் பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் ஊரித் குழம்பு என்று வைத்தால் அது உறைபெட்டியிலிருந்து வந்தது.

வகாஷியோ கப்பல் எண்ணெய் கொட்டியது இந்தக் கழியில்தானே?
– வாசகர், சூயாக்

ஆம். 2020 ஜூலை 25 அன்று புவான்த் தெஸ்னிக்கு எதிரே பாரில் ஏறியது, ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது. ஏறக்குறைய ஆயிரம் டன். கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து மிதவைத் தடுப்பு செய்தவர்கள் மாயேபூர்க் கடற்கரையில் கூடிய பொதுமக்கள். பிஸ்கட் அடுப்புக்குப் போகிற அதே தோகை.

தைப்பூச விடுமுறையில் படகு முன்பதிவு செய்யலாமா? புயல் வந்தால் பணம்?
– வாசகர், போ பாஸேன்

ஜனவரி, பிப்ரவரியில் சாதாரண நாட்களில் கழி ஆடி மாதத்தைவிட அமைதி, வெந்நீர் போல வெதுவெதுப்பு. ஆனால் புயல் பருவமும் அதுவே. முதல் எச்சரிக்கை 36 முதல் 48 மணி நேரம் முன்பே வரும், அப்போதே படகுகளைக் கரையேற்றத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாவது, மணிக்கு 120 கிலோமீட்டர்க் காற்றுக்கு முன் பன்னிரண்டு மணி நேரப் பகல் வெளிச்சம் இருக்கும்படி. மூன்றாவது, ஆறு மணி நேரம் இருக்கும்படி. முதல் எச்சரிக்கை வந்தால் முழுத்தொகை திரும்ப வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். காவடி எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் மறுநாளே படகு ஏற்றாதீர்கள், குத்திய புண்ணில் கழித்தண்ணீர் படுவது நல்லதில்லை.